நூலும் வேரும்

சென்ற ஐப்பசியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம். நான் உட்கார்ந்து எழுதுகிற மேஜைக்கு எதிரே, சுவர் ஓரமாக அதற்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியவள் என் மனைவி. என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அந்தத் தொட்டியைக் கொண்டு வந்தவன் மேல் எனக்கு மூன்று வருஷமாகக் கோபம்.

கோபம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அது கோபந்தானா என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை வாசகர்களோடு பங்கிட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். நடுவில் பாசி, கீரை, மரத்துண்டு என்று பேச்சு போகும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கேள்வி என்னவோ மனிதரைப் பற்றியதுதான். விழப் போகிற ஒருவரை நாம் கை கொடுத்துத் தாங்குகிறோம். நல்ல காரியம். ஆனால் அந்தக் கையை எப்போது எடுத்துக்கொள்வது?

வந்தவன் என் அக்காள் மகன். அக்காளைப் பாகூரில் கொடுத்திருந்தோம். 2012-ல், அவனுக்குப் பத்து வயதாகும்போது, அவள் போய்விட்டாள். அவன் தகப்பனார் நல்லவர், உழைப்பாளி. ஆனால் விடியுமுன் வயலுக்குப் போய் இருட்டி வீடு திரும்புகிறவர். பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட வீட்டில் மனுஷி இல்லை. "தாய்மாமன் இருக்கும்போது பிள்ளை எங்கே போவான்?" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அழைத்துக்கொண்டு வந்திருப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. முத்தியால்பேட்டை வீட்டில் அவன் எங்கள் பிள்ளையாக வளர்ந்தான்.

பாகூரில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பையன் இங்கே வந்தபின் பேச்சைக் குறைத்தான். "என்ன அடக்கம்! மாமன் வளர்ப்பு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!" என்று வருகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்த வருஷம் 2020. கொரோனாக் காலம். பொறியியல் கல்லூரியில் நான்தான் சேர்த்தேன். வகுப்பெல்லாம் கைப்பேசியிலேயே நடந்தது. பையன் அதை ஒரு பக்கம் ஓடவிட்டு, மறுபக்கம் பழைய ஊறுகாய்ப் பாட்டில்களில் மீன் வளர்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டு என்று விட்டுவிட்டேன். 2022-ல், இரண்டாம் வருஷம் முடிந்ததும், "மாமா, நான் படிப்பை நிறுத்திக்கிறேன். கொளத்தூர்ல ஒரு மீன் கடையில வேலை கேட்டிருக்கேன்" என்றான். சென்னை கொளத்தூரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அழகுக்காக வளர்க்கும் வண்ண மீன்களுக்கு அது பேர்போன சந்தை.

அன்று நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெல்லிய குரலில் ஒன்று சொன்னேன்: "உன் அம்மா இருந்திருந்தால் இந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாயா?"

அவன் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் அத்தையின் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் குத்தியது. மாதம் பிறந்தால் முதல் தேதி என் வங்கிக் கணக்குக்கு ஒரு தொகை வந்துவிடும். முதலில் ஆயிரம், பிறகு இரண்டாயிரம், சொந்தமாகச் சின்னக் கடை போட்டபின் மூவாயிரம். நான் திருப்பி அனுப்பினால் அதே தொகை மறுபடியும் வரும். கல்லூரிக்கு நான் கட்டிய பணத்தைப் பையன் தவணையில் அடைக்கிறான்! இதை என்னவென்று சொல்வது? 'என்ன திமிர்!' என்று நினைத்தேன். மூன்று வருஷமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் தொட்டி வந்தது. "அத்தை ரொம்ப நாளா மீன் தொட்டி கேட்டாங்க" என்று என் மனைவியைப் பார்த்துச் சொன்னான். நான் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன் தொட்டி என்றால் அடியில் கலர்க் கூழாங்கல், நடுவே வாய் திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் முதலை, இதுதான் எனக்குத் தெரிந்தது. இவன் செய்தது வேறு. தண்ணீருக்குள்ளே ஒரு காட்டையே வைப்பது. ஜப்பானில் தகாஷி அமானோ என்று ஒருவர் இருந்தார். 1954-ல் பிறந்து 2015-ல் மறைந்தார். புகைப்படக்காரர். காடுகளைப் படம் பிடித்தவர், அந்தக் காட்டைக் கண்ணாடித் தொட்டிக்குள் உயிரோடு வைக்க முடியுமா என்று முயன்றார். பட்ட மரவேரும், கல்லும், தண்ணீருக்குள் கம்பளம்போல் படரும் சிறு செடிகளும் அவருடைய கருவிகள். போர்ச்சுகலில் லிஸ்பன் நகரத்து மீன் காட்சியகத்தில் அவர் 2015-ல் கடைசியாக அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர்! அந்த வழியில்தான் இன்று உலகம் முழுவதும் பையன்கள் தொட்டி வைக்கிறார்கள். என் மருமானும் அதில் ஒருவன்.

"மரம் வேணும். கடையில மலேசியா மரம் விலைக்குக் கிடைக்கும். ஆனா நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே!" என்றபடி கொல்லைக்குப் போனான்.

அவன் எதைச் சொல்கிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. 2002-ல் இவனைப் பெறுவதற்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தபோது அக்காள் கொல்லையில் ஒரு கொய்யாக் கன்று வைத்தாள். ஒன்பது வருஷம் நின்ற மரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது, ஊரில் விழுந்த எத்தனையோ மரங்களோடு அதுவும் வேரோடு சாய்ந்தது. கிளைகளை வெட்டி அப்புறப்படுத்தினோம். அடி வேர் மட்டும் கிணற்றடியிலேயே கிடந்தது. மழையும் வெயிலும் பட்டு, மெத்தென்ற பாகமெல்லாம் உளுத்து உதிர்ந்து, வைரம் பாய்ந்த பாகம் மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது. கைவிரல்களை விரித்ததுபோல் ஐந்து கிளைவேர்கள்.

அதைத் தேய்த்துக் கழுவி, அண்டாவில் போட்டு வேகவைத்தான். தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இறங்கியது. கொட்டிவிட்டு மறுபடி ஊறவைத்தான். தினம் ஒரு அண்டா டிகாஷன்! மரத்திலுள்ள துவர்ப்பு இறங்கி, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் வெளியேறி, மரம் தானாக அமிழும் வரையில் இப்படிச் செய்ய வேண்டுமாம். பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதுவரை இங்கேயே தங்கியிருந்தான். நானும் ஒரு நாள் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்து பார்த்தேன். எழுத்தாளனுக்கு வேடிக்கை பார்க்காமல் இருப்பது கஷ்டமான காரியம். மூன்றாம் நாள் அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

செடிகள் மூன்று விதம். ஒன்று ஜாவா பாசி; வேர் என்று சொல்லும்படி அதற்கு ஒன்றும் கிடையாது, ஆனால் எதன்மேல் வைத்தாலும் நுண்ணிய இழைகளால் பற்றிக்கொள்ளும். இரண்டாவது அனூபியாஸ், ஆப்பிரிக்காக்காரி. இதன் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரத்திலோ வைத்தால்தான் வாழும். மூன்றாவது, கம்பளமாகப் படர வேண்டிய செடி. சாதாரணமாக இதற்குத் தென் அமெரிக்காவிலிருந்து வந்த மான்டி கார்லோ என்ற செடியை வைப்பார்களாம். இவன் பாகூரிலிருந்து ஒரு பிடி ஆரைக்கீரை கொண்டு வந்திருந்தான். தகப்பனாரைப் பார்க்கப் போனவன், வரப்பிலிருந்து வேரோடு பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருக்கிறான்.

"இதைக் கடைந்து சாப்பிடுவதைத்தான் பார்த்திருக்கிறேன்" என்றேன். மூன்று வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"ஆரையும் தண்ணிக்குள்ள கம்பளம் போடும் மாமா. ஆனா இது மண்ணு கேக்குற செடி. பாசி மாதிரி, அனூபியாஸ் மாதிரி மரத்தை லேசுல பிடிக்காது. மரத்து மேல முதல்ல பாசியை மெல்லிசாப் பரப்பி, அதுல இதோட வேரு சிக்கிக்கிற மாதிரி வச்சுக் கட்டணும். இடுக்குல கொஞ்சம் மண்ணைத் துணியில முடிஞ்சு வைக்கணும். அப்பவும் எல்லாத் துண்டும் பிடிக்கும்னு சொல்ல முடியாது."

கட்டுவதற்கு நூல் வேண்டியிருந்தது. நான் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு நைலான் நரம்பை எடுத்துக் கொடுத்தேன். தூண்டில் போடுகிற நரம்பு. கண்ணுக்குத் தெரியாது, அறுந்தும் போகாது. அவன் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். மனைவி தையல் பெட்டியைக் கொடுத்தாள். ஒரு இழையை எடுத்து நெருப்புக் குச்சியில் காட்டினான். அது உருகிக் கறுப்பு மணியாகத் திரண்டது. "பாலியெஸ்டர்" என்றான். இன்னொரு கட்டையை எடுத்தான், அதுவும் உருகியது. 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையும் மற்ற பஞ்சாலைகளும் சங்கு ஊதி எழுப்பிய ஊர் இது. அந்த ஆலையும் 2020-ல் கதவைச் சாத்திவிட்டது. இந்த ஊரிலே ஒரு முழம் பருத்தி நூலுக்குப் பஞ்சமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் தெருமுனைப் பூக்காரம்மாளிடம் பூக்கட்டுகிற நூல் கொஞ்சம் வாங்கி வந்தான். அது எரிந்து சாம்பலாயிற்று. "இதுதான் வேணும்."

"அது தண்ணீரில் இற்றுப் போகுமே!"

"ஆமா மாமா. ஒரு மாசம், ரெண்டு மாசத்துல இத்துப் போயிடும்."

"பிறகு எதற்கு? நைலானால் கட்டினால் ஒரே தடவையோடு வேலை முடிந்ததல்லவா?"

அவன் வேரை மடியில் வைத்துக்கொண்டு, ஆரையை ஒவ்வொரு துண்டாக வைத்துச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "வேலை முடியும் மாமா. ஆனா நைலான்ல கட்டினா, பிடிச்சிருக்கிறது செடியா நூலான்னு கடைசிவரைக்கும் தெரியாது."

சாதாரணமாகத்தான் சொன்னான். தொழில் நுணுக்கம் சொல்கிற தொனி. எனக்காகச் சொன்ன வார்த்தை அல்ல என்று நிச்சயமாகத் தெரியும்; இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நூலே கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட வேண்டும், எதையும் கட்டக்கூடாது, சுதந்திரமே வளர்ச்சி என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கட்டாமல் வைத்த ஆரைத் துண்டு என்ன ஆயிற்று என்பதை நான் கண்ணால் பார்த்தேன். நூலிலிருந்து நழுவிய ஒரு துண்டு மேலே மிதந்தது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் யந்திரத்தின் இழுப்பில் சிக்கி, காலையில் அதன் வாயில் கந்தலாகக் கிடந்தது. தாயை இழந்த பத்து வயதுப் பிள்ளையைக் கட்டாமல் விட்டிருந்தால் அவன் கதியும் அதுதான். ஆகவே கட்டியது தப்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எதனால் கட்டினேன் என்பதில்தான் சங்கடம் இருக்கிறது.

நான் அவனிடம் 'உனக்காக இவ்வளவு செய்தேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்படிச் சொல்வது அநாகரிகம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமலே சொல்வதற்கு ஆயிரம் வழி இருக்கிறது. அவனுக்குப் புதுச் சட்டை எடுத்த தீபாவளிக்கு நான் பழைய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு அவன் கண்ணில் படும்படி நடந்திருக்கிறேன். கல்லூரிக்குப் பணம் கட்டிய ரசீதை மேஜை மேல் திறந்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் தன் கால் போன திசையில் ஓர் அடி வைத்தபோது, செத்துப் போன அவன் தாயை எடுத்து அவன் காலில் சுற்றினேன். கண்ணுக்குத் தெரியாத நரம்பு. அறுந்து போகாத நரம்பு. பச்சை மேலே மூடிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு நூல் இருப்பதே தெரியாது. 'என்ன அடக்கமான பிள்ளை!' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படி வளர்ந்தவனுக்கு என் அன்பு எப்படித் தெரிந்திருக்கும்? கடனாகத்தான் தெரிந்திருக்கும். கடன் என்று தெரிந்தால் மானமுள்ளவன் என்ன செய்வான்? முதல் தேதி பிறந்தால் தவணை அனுப்புவான். அவனுக்குத் திமிர் என்று நினைத்தேனே, அவன் செய்தது நான் கற்றுக்கொடுத்த கணக்கு அல்லவா?

பாரியின் கதை எல்லாருக்கும் தெரியும். பற்றிக்கொள்ளக் கொம்பின்றி ஆடிய முல்லைக்குத் தன் தேரையே கொடுத்தான் பறம்புமலை அரசன். வள்ளல் என்று இரண்டாயிரம் வருஷமாகக் கொண்டாடுகிறோம். எதைக் கொண்டாடுகிறோம்? தேர் விலை உயர்ந்தது என்பதையா? தேர் என்பதும் செத்த மரந்தானே! எனக்கு அன்று இரவு தோன்றியது இது: பாரி தேரைக் கொடுத்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போய்விட்டான். முல்லை நன்றாகப் படர்ந்திருக்கிறதா, நம் தேர் என்ற நினைப்பு அதற்கு இருக்கிறதா என்று திரும்பி வந்து பார்த்ததாகக் கதை இல்லை. நானும் தேரைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். "நூல் இற்றுப் போன பிறகு செடியும் போய்விட்டால்?" என்று பெற்றவர்கள் கேட்பார்கள். நியாயமான பயம். அந்தப் பயத்தினால்தான் உலகத்தில் இவ்வளவு நைலான் விற்பனையாகிறது. இதற்கு நான் என் ஊரையே சாட்சியாக அழைக்கிறேன். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் தங்களோடு கட்டி வைத்திருந்தார்கள். அன்பினால் கட்டிய கட்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனாலும் கட்டுதான். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் முடிந்தது. நூல் போயிற்று. போன பிறகுதானே தெரிந்தது எது பிடித்திருந்தது, எது வெறுமனே கட்டி வைத்திருந்தது என்று! கவர்னர்களின் அதிகாரம் போயிற்று. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது. காலையில் ரொட்டி இருக்கிறது. மாலையில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இவற்றைக் காவல் போட்டு யாரும் நிறுத்தி வைக்கவில்லை. பிடித்திருந்தது, நின்றது. பிடிக்காதது உதிர்ந்தது. உதிர்ந்ததற்காக ஊர் அழிந்துவிடவில்லை.

நூல் போய்விட்டால் நம் வேலை முடிந்துவிட்டது, காலை நீட்டிப் படுக்கலாம் என்றும் அர்த்தம் இல்லை. கம்பளமாகப் படரும் செடியைச் சும்மா விட்டால் தன்மேல் தானே அடுக்கடுக்காக வளரும். மேலடுக்கு செழிப்பாக இருக்கும். அடியடுக்குக்கு வெளிச்சம் எட்டாது. அது மஞ்சளித்து அழுகும். ஒரு நாள் கம்பளம் முழுவதும் பாய் சுருட்டியதுபோல் மரத்திலிருந்து கழன்று மேலே மிதக்கும். ஆகையால் கத்தரிக்கோல் எடுத்து அவ்வப்போது நறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கும் ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாதாம். அதிகமானால் வேண்டாத பாசி மூடிவிடும். கட்டுவது ஒரு காரியம்; பேணுவது வேறு காரியம். கட்டுகிறவன் தனக்குப் பயம் நீங்குவதற்காகக் கட்டுகிறான். பேணுகிறவன் தினம் வந்து பார்க்க வேண்டும், அடியில் இருட்டு சேர்ந்திருக்கிறதா என்று. நான் அவனுக்கு முதல் காரியத்தைச் செய்துவிட்டு, இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு குறைந்த பையனின் அடியில் என்ன மஞ்சளித்துக்கொண்டிருந்தது என்று நான் ஒரு நாளும் விலக்கிப் பார்க்கவில்லை.

கடன் விஷயத்துக்கும் அந்தத் தொட்டியிலேயே பாடம் இருந்தது. 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் ஒரே தொட்டியில் மீனும் நீர்ச்செடியும் சேர்ந்து வாழ முடியும் என்று காட்டினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டு, மீனுக்கு வேண்டிய பிராணவாயுவைக் கொடுக்கிறது. முதலில் அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டது, நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்று தண்ணீரைத் தெளிவாக்கின. மீன் செடிக்கும், செடி மீனுக்கும், நத்தை இரண்டுக்கும். யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. கணக்கு எழுத ஆரம்பித்த அன்றே தொட்டி நாறிப் போகும்.

அவன் கொளத்தூர் போன பிறகு தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. முதல் வாரம் மரத்தின்மேல் பஞ்சுபோல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. போச்சு என்று நினைத்தேன். போனில் கேட்டதற்கு, "புது மரத்துல வரும் மாமா, தானாப் போயிடும், இறாலும் தின்னும்" என்றான். போயிற்று. பாசி முதலில் பிடித்தது. அனூபியாஸ் மெல்ல ஒரு வெள்ளை வேரை விட்டு மரத்தைத் தழுவிக்கொண்டது. ஆரையில்தான் ஓர் ஆச்சரியம் கண்டேன். வரப்பில் நாலு இலை சேர்ந்து ஒரு பூப்போல் விரிகிற ஆரை, தண்ணீருக்குள் புதிதாக விட்ட இலைகள் ஒவ்வொன்றும் ஒற்றை இலையாக இருந்தது! குட்டையாக, பச்சையாக, மிக அடக்கமாக.

எனக்குச் சுருக்கென்றது. "தண்ணீருக்குள் நாலு இலை வராதா?" என்று கேட்டேன்.

"அங்க அது அப்படித்தான் வாழும். அதுக்குத்தான் மாமா வேரோட ஒரு கிளையைத் தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வச்சிருக்கேன். படர்ந்து போய் அங்க ஏறிச்சுன்னா பாருங்க."

மார்கழி பிறந்தபோது நூல் இற்றிருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், வெள்ளை இழைகள் அறுந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. மறுவாரம் அவையும் இல்லை. செடி இருந்தது. ஆனால் முழுவதும் இல்லை. ஐந்து துண்டு ஆரை கழன்று மிதந்தது. என் கை தானாக மேஜை இழுப்பறைக்குப் போயிற்று. நைலான் நரம்பு அங்கேயே கிடந்தது. எடுத்தேன், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு போன் செய்தேன்.

செடியைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வாயில் வந்தது வேறு. "தம்பி, இனிமேல் முதல் தேதி பணம் அனுப்பாதே. அது கடன் இல்லை. கடன் மாதிரி நான்தான் நடந்துகொண்டேன். அன்றைக்கு உன் அம்மாவை இழுத்துப் பேசியதும் தப்பு" என்றேன். இதைச் சொல்ல எனக்கு மூன்று வருஷமும் ஒரு முழம் பூநூலும் வேண்டியிருந்தது.

அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமில்லை. கடைக்குள் தண்ணீர் குமிழியிடும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "நூல் போயிடுச்சா மாமா?" என்று கேட்டான்.

"போய்விட்டது. செடி நிற்கிறது. அஞ்சு துண்டு மட்டும் கழன்றுவிட்டது."

"கழன்றதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அடியில மண்ணுல நட்டு வைங்க. மரம் பிடிக்கலைன்னா அது கெட்ட செடி இல்ல. அதுக்கு அந்த இடந்தான் சரி."

நட்டு வைத்தேன். ஒரு மாதத்தில் மரத்தின்மேல் இருப்பதைவிட வேகமாகப் படர்ந்துவிட்டது.

அடுத்த முதல் தேதி வந்தது. பணம் வரவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். இருந்தும் அன்று இரண்டு தடவை வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? அந்தப் பணமாவது ஒரு நூலாக இருந்ததே, இனி எது இருக்கிறது என்று ஒரு பயம். நூல் போன பிறகு வருகிற இந்தப் பயத்தைத் தாங்குவதும் அன்பின் வேலைதான் போலிருக்கிறது. இதற்கு நான் எந்தச் சமாதானமும் கண்டுபிடிக்கவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அவனே வந்தான். கொளத்தூரில் இப்படி ஒரு வாடிக்கைக்காரர், அப்படி ஒரு மீன் என்று வாசற்படியிலேயே பேச ஆரம்பித்தவன், சாப்பிட்டு முடிக்கும்வரை ஓயவில்லை. பாகூர்ப் பையன் அப்படித்தான் பேசுவான். எனக்கு மறந்தே போயிருந்தது. பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு விரல் வேரில் ஆரை ஏறியிருந்தது. அங்கே நாலு இலை விரிந்திருந்தது.

மாலையில் புறப்படும்போது என் மனைவி ஒரு குறை சொன்னாள்: "ஏண்டா, இத்தனை மாதம் கழித்து வருகிறாய், ஒரு பழமாவது வாங்கி வரக்கூடாதா?"

அவன் சிரித்தான். எனக்கு அந்தக் குறை குறையாகப் படவில்லை. தன் வீட்டுக்கு வருகிறவன் வெறுங்கையோடுதானே வருவான்?